டேப்லெட்டைப் பார்க்கும் முன் பேனாவைப் பாருங்கள்

கட்டடக்கலைப் படிப்பில் சேரவிருக்கும் மகளுக்கு, வகுப்புக் குறிப்பு எடுக்கவும் வரைந்து பழகவும் ஒரு டேப்லெட் வாங்க எண்ணியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்கான டிஜிட்டல் பேனா 300 ரூபாய்க்கும் கிடைக்கிறது, 12,000 ரூபாய்க்கும் கிடைக்கிறது, இரண்டுக்கும் அப்படி என்ன வேறுபாடு, அதில் தமிழில் எழுத வருமா என்பவை உங்கள் கேள்விகள். கடையில் டேப்லெட்டும் பேனாவும் தனித்தனிப் பொருள்களாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தாலும், உண்மையில் அவை ஒரே கருவியின் இரு பாதிகள். கண்ணாடிக்கு அடியில் என்ன உணர்வி இருக்கிறதோ அதற்கென்று செய்யப்பட்ட பேனாதான் அந்தத் திரையில் ஒழுங்காக வேலை செய்யும். ஆகவே டேப்லெட்டை வாங்கிவிட்டு அதற்குப் பேனா தேடாதீர்கள். எந்தப் பேனா தேவை என்பதை முடிவு செய்துவிட்டு, அதை ஏற்கும் டேப்லெட்டை வாங்குங்கள்.

300 ரூபாய்ப் பேனாவின் நுனியில் ரப்பர் குமிழோ, ஒளி ஊடுருவும் சிறு பிளாஸ்டிக் வட்டோ இருக்கும்; உள்ளே மின்சுற்று எதுவும் கிடையாது. இன்றைய தொடுதிரைகள் விரல் எவ்வளவு அழுத்துகிறது என்பதை அளப்பதில்லை. மின்சாரத்தைக் கடத்தும் ஒரு பொருள் அருகில் வரும்போது கண்ணாடிக்கு அடியிலுள்ள மெல்லிய மின்முனைகளின் மின்தேக்கம் மாறுவதைத்தான் அளக்கின்றன. அந்த மாற்றத்தை விரலுக்குப் பதிலாக ரப்பர் நுனி ஏற்படுத்துகிறது, அவ்வளவுதான். திரையைப் பொறுத்தவரை அது இன்னொரு விரல். விரல் எது, பேனா எது என்று பிரித்தறிய வழியில்லாததால், எழுதும்போது கையின் அடிப்பகுதி கண்ணாடியில் பட்டால் அங்கும் கோடு விழும். கையை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேர வகுப்பு முழுக்க எழுத யாராலும் முடியாது. ஒரு பிடிஎஃப் கோப்பில் கையொப்பம் இடவும், குழந்தை கிறுக்கி விளையாடவும் இந்தப் பேனா போதும். உங்கள் மகளுக்குப் போதாது.

அடுத்த நிலையில் இருப்பவை, பேட்டரியுடன் நுனியிலிருந்து தாமே சமிக்ஞை அனுப்பும் பேனாக்கள். தொடுதிரையின் மின்முனைகளே அந்தச் சமிக்ஞையைப் பெற்று நுனி எங்கே இருக்கிறது என்று கணக்கிடுகின்றன. 2015இல் ஐபேட் ப்ரோவுடன் வந்த ஆப்பிள் பென்சில் இந்த வகை. பேனா இருப்பது திரைக்குத் தெரிந்துவிடுவதால் உள்ளங்கை பட்டாலும் கோடு விழாது. ஆனால் ஆப்பிளின் பேனாக்களுக்குள்ளேயே ஒரு சிக்கல் இருக்கிறது. வாங்குபவர்களில் பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். 2023இல் வந்த யூஎஸ்பி-சி பென்சில், ஏறத்தாழ 8,000 ரூபாய் விலையில் கிடைப்பதால், பார்வைக்குச் சிக்கனமான தேர்வாகத் தோன்றும். ஆனால் அதில் அழுத்த உணர்வு, அதாவது அழுத்துவதற்கு ஏற்பக் கோடு தடித்தும் மெலிந்தும் வரும் வசதி, கிடையாது. அழுத்த உணர்வு வேண்டுமென்றால் முதல் தலைமுறை, இரண்டாம் தலைமுறை, அல்லது 2024இல் வந்த பென்சில் ப்ரோ ஆகியவற்றில் ஒன்றுதான் வழி. இவை ஒன்றுக்குப் பதில் ஒன்றாகவும் பயன்படாது. பென்சில் ப்ரோ 2024 முதல் வந்த ஐபேட் ஏர், ப்ரோ, மினி மாதிரிகளில் மட்டுமே இயங்கும். இரண்டாம் தலைமுறைப் பென்சில் அந்தப் புதிய மாதிரிகளில் இயங்காது. விலை குறைந்த சாதாரண ஐபேடில் அழுத்தம் வேண்டுமென்றால் பழைய முதல் தலைமுறைப் பென்சிலை, அதுவும் யூஎஸ்பி-சி துளை கொண்ட ஐபேடாக இருந்தால் ஒரு அடாப்டரையும் சேர்த்து, வாங்க வேண்டியிருக்கும். இரண்டாயிரம் ரூபாய் அளவில் பல பெயர்களில் விற்கும் பிற நிறுவனப் பேனாக்கள் 2018க்குப் பிந்தைய பெரும்பாலான ஐபேடுகளில் நன்றாகவே இயங்குகின்றன. உள்ளங்கைத் தொல்லை இல்லை. பல மாதிரிகளில் சாய்த்துப் பிடித்தால் கோடு பட்டையாவதும் உண்டு. அவற்றிலும் அழுத்த உணர்வு இல்லை.

மூன்றாவது வகை, என் பார்வையில் பொறியியல் அழகு மிகுந்தது. 1983இல் ஜப்பானில் தொடங்கப்பட்ட வேகாம் நிறுவனம் வளர்த்தெடுத்த மின்காந்த ஒத்ததிர்வு முறை அது. திரைக்குப் பின்னால் கம்பி வலைகள் கொண்ட தனிப் பலகை ஒன்று இருக்கும். அது நொடிக்குப் பல முறை காந்தப்புலத்தை அனுப்பும், உடனே நிறுத்திவிட்டு மறுமொழிக்குக் காத்திருக்கும். பேனாவுக்குள் இருக்கும் ஒரு கம்பிச் சுருளும் மின்தேக்கியும் அந்தப் புலத்திலிருந்தே ஆற்றலைப் பெற்று அதிர்ந்து, அதைத் திருப்பி அனுப்புகின்றன. நுனியை அழுத்தும்போது அதிர்வெண் சற்றே விலகும். அந்த விலகலே அழுத்தத்தின் அளவு. எழுதுவதற்குப் பேட்டரியே தேவையில்லை. சாம்சங்கின் எஸ் பென் 2011இல் முதல் கேலக்ஸி நோட்டுடன் வந்ததும் இந்த முறையில்தான். அதன் டேப் எஸ் வரிசையிலும், விலை குறைந்த எஸ்6 லைட்டிலும், எஃப்இ மாதிரிகளிலும் பேனா பெட்டிக்குள்ளேயே வருகிறது. ஆனால் டேப் ஏ9 போன்ற மாதிரிகளில் அந்தப் பலகையே கிடையாது. சாம்சங் என்ற பெயரை மட்டும் பார்த்து அவற்றை வாங்கிவிட்டு, பிறகு தனியாக எஸ் பென் வாங்கி வைத்தால் அது ஒரு கோடுகூடப் போடாது.

மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸ் கணினிகளுக்கு, பேனாவும் திரையும் பேசிக்கொள்ள அந்த நிறுவனத்தின் தனி நெறிமுறை இருக்கிறது. சில குரோம்புக்குகளும் கூகுள் பிக்சல் டேப்லெட்டும் யூஎஸ்ஐ என்ற பொது நெறிமுறையைப் பின்பற்றுகின்றன. பெட்டியின் மேல் எல்லாக் கருவிகளுக்கும் பொருந்தும் என்று அச்சிட்டிருந்தால், பெரும்பாலும் அது விரலுக்கு மாற்றாக மட்டுமே வேலை செய்யும் என்று பொருள்.

இனி, அழுத்த உணர்வு என்று இத்தனை முறை சொல்லிவிட்டேனே, அது யாருக்குத் தேவை? குறிப்பு எழுதுவதற்குத் தேவையில்லை. பால்பாயின்ட் பேனாவில் எழுதும்போது கோட்டின் தடிமன் மாறுவதில்லை, அதனால் யாருக்கும் குறை வந்ததில்லை. வரைவதற்கு அது இன்றியமையாதது. ஒரு மரக்கிளையைக் கோடாக வரையும்போது அடியில் தடித்துத் தொடங்கி நுனியில் மெலிந்து மறைய வேண்டும். பென்சில் நிழல் ஒரே பூச்சில் மங்கலிலிருந்து அடர்த்திக்குப் போக வேண்டும். அழுத்தம் அறியாத பேனாவில் இதைச் செய்ய ஒவ்வொரு முறையும் பிரஷ் அளவை மாற்றிக்கொண்டிருக்க வேண்டும், அல்லது வேகத்தைப் பார்த்து மென்பொருள் போலியாகத் தரும் மெலிவை ஏற்றுக்கொள்ள வேண்டும். குறிப்பு மட்டும் என்றால் இரண்டாயிரம் ரூபாய்ப் பேனா போதும் என்று தயங்காமல் சொல்வேன். கட்டடக்கலை மாணவி வரையத்தான் போகிறாள் என்பதால் அழுத்த உணர்வில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

விளம்பரங்களில் 4096 நிலை, 8192 நிலை என்று அழுத்தத்துக்கு எண் போடுவார்கள். ஆப்பிள் அந்த எண்ணை வெளியிடுவதே இல்லை. அதனால் அதன் பென்சிலில் வரைபவர்கள் யாரும் வருந்தியதாகத் தெரியவில்லை. இத்தனை ஆயிரம் நிலைகளை மனிதக் கை வேறுபடுத்திக் காட்டுவது கடினம். கவனிக்க வேண்டியது, கோடு தோன்றத் தேவையான மிகக் குறைந்த அழுத்தம். பேனாவை இரண்டு விரல்களால் தளர்வாகப் பிடித்து, அதன் சொந்த எடை மட்டும் திரையில் இறங்கும்படி இழுத்துப் பாருங்கள். அப்போதும் மெல்லிய கோடு விட்டுவிடாமல் வந்தால் அது நல்ல பேனா. கொஞ்சம் அழுத்தினால்தான் கோடு தொடங்குகிறது என்றால், மென்மையான நிழல்கள் எல்லாம் அந்தப் பேனாவில் காணாமல் போகும், எத்தனை ஆயிரம் நிலை என்று அச்சிட்டிருந்தாலும் சரி.

கடையில் செய்து பார்க்க வேண்டிய இன்னொரு சோதனையும் உண்டு. ஒரு பிளாஸ்டிக் அளவுகோலைத் திரையில் மூலைக்கு மூலையாக வைத்து, அதை ஒட்டிப் பேனாவை மிக மெதுவாக இழுக்க வேண்டும். மின்முனைகள் சில மில்லிமீட்டர் இடைவெளியில் இருப்பதால், இரண்டு மின்முனைகளுக்கு நடுவில் நுனி எங்கே இருக்கிறது என்பதைக் கருவி கணக்கிட்டுத்தான் சொல்கிறது. அந்தக் கணக்கு துல்லியமாக இல்லாத பேனாவில், அளவுகோலை ஒட்டி இழுத்த கோடும் சீரான இடைவெளியில் அலை அலையாக நெளியும். வேகமாக இழுத்தால் இந்த நெளிவு மறைந்துவிடும். கடைக்காரர் செய்து காட்டும்போது எப்போதும் வேகமாகத்தான் இழுப்பார். செயலியில் கோட்டைத் திருத்தும் வசதி இருந்தால் அதை அணைத்துவிட்டுச் சோதிக்க வேண்டும். கட்டட வரைபடம் போடுபவருக்கு மெதுவான நேர்கோடுதான் அன்றாட வேலை.

தமிழுக்கு வருகிறேன். அதே கடையில் அவளைக் 'கண்ணன்' என்று தன் வழக்கமான வேகத்தில், வழக்கமான அளவில் எழுதச் சொல்லுங்கள். மூன்று சுழி ண இரண்டு முறை வருவதால் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றனவா என்பது உடனே தெரியும். ஒட்டினால் பெரும்பாலும் பேனா மேல் தவறில்லை. செயலியில் கோட்டின் தடிமன் கூடுதலாக இருக்கிறது. அடுத்து புள்ளி. ண் மேலும் ன் மேலும் வைக்கும் புள்ளி திரையை ஒரு கணம் மட்டும் தொட்டு விலகும் தட்டல். சில பேனாக்களும் சில செயலிகளும் இவ்வளவு குறுகிய தொடுதலைத் தற்செயலானது என்று கருதிக் கைவிட்டுவிடுகின்றன. ஆங்கிலத்தில் ஐ எழுத்தின் மேல் புள்ளி விழாவிட்டாலும் சொல் புரியும். தமிழில் புள்ளி போனால் மெய் உயிர்மெய்யாகிவிடும். ஒரு பத்தி எழுதிவிட்டு எத்தனை புள்ளிகள் விழவில்லை என்று எண்ணிப் பாருங்கள். செயலியில் பவுன்டன் பேனாவைத் தேர்ந்தெடுத்தால் தடிமன் மாறி மாறி வந்து சுழிகளை அடைத்துவிடும். தமிழுக்கு ஒரே தடிமனில் எழுதும் பால் பேனா வகைதான் தெளிவு.

எழுத்தின் அளவும் பேனாவோடு சேர்ந்த பிரச்சினைதான். 11 அங்குலத் திரையின் எழுதும் பரப்பு ஏ4 தாளைவிட நன்றாகச் சிறியது. ஒரு முழு ஏ4 பக்கத்தைத் திரையில் பொருத்தினால் அது முக்கால் அளவுக்குச் சுருங்கிவிடும். பேராசிரியர் அனுப்பும் பிடிஎஃப் பக்கத்தின் ஓரத்தில் குறிப்பு எழுத முயன்றால் எழுத்து கோணலாவதற்கு இதுவே காரணம். குறிப்பேட்டுக்கு ஏ5 அளவுப் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தால், பெரிதாக்கிச் சுருக்க வேண்டிய தேவையின்றிக் காகிதத்தில் எழுதும் அளவிலேயே எழுதலாம். பெரிய பக்கம்தான் வேண்டுமென்றால், குட்நோட்ஸ், நோட்டபிலிட்டி போன்ற செயலிகளில் பக்கத்தின் ஒரு பகுதியை மட்டும் பெரிதாக்கிக் கீழே காட்டி, அதில் எழுதியதை மேலே சிறிதாகப் பதிக்கும் ஜன்னல் இருக்கிறது.

கையால் எழுதியதைத் தட்டச்சு எழுத்தாக மாற்ற வேண்டுமென்றால், கூகுள் 2015இல் தனிச் செயலியாக வெளியிட்ட கையெழுத்து உள்ளீட்டில் தமிழ் இருந்தது. இன்று ஆண்ட்ராய்டில் ஜிபோர்டு விசைப்பலகையில் தமிழுக்குக் கையெழுத்து முறையைத் தேர்ந்தெடுத்து எழுதலாம், நிதானமாக எழுதினால் நன்றாகவே பிடித்துக்கொள்கிறது. குறிப்பேட்டுச் செயலிகளுக்குள் இருக்கும் கையெழுத்துத் தேடலை ஆங்கிலத்தை மனத்தில் வைத்தே பெரும்பாலும் விளம்பரப்படுத்துகிறார்கள். தமிழ்க் குறிப்புகளுக்கு அதை நம்பி இருக்க வேண்டாம். ஒவ்வொரு பக்கத்துக்கும் தலைப்பையும் தேதியையும் தட்டச்சு செய்து வைத்தால் பின்னால் தேடுவதற்கு அதுவே போதுமானது.

கையால் எழுதினால்தான் பாடம் மனத்தில் நிற்கும் என்ற வாதத்தைச் சொல்லி விற்பவர்களும் உண்டு. 2014இல் பாம் முல்லர், டேனியல் ஓப்பன்ஹைமர் இருவரும் வெளியிட்ட ஆய்வு, மடிக்கணினியில் தட்டச்சு செய்தவர்களைவிடக் கையால் குறிப்பெடுத்தவர்கள் கருத்து சார்ந்த கேள்விகளுக்குச் சிறப்பாக விடையளித்ததாகச் சொன்னது. அந்தச் சோதனையை அப்படியே மீண்டும் நடத்தி 2021இல் வெளியான ஆய்வில், தட்டச்சு செய்பவர்கள் சொல்லுக்குச் சொல் எழுதுகிறார்கள் என்பது உறுதியானதே தவிர, மதிப்பெண்ணில் அந்த வேறுபாடு வரவில்லை. எனவே நினைவாற்றலுக்காக இதை வாங்க வேண்டாம். ஆனால் வகுப்பில் ஒரு வளைவின் விசை வரைபடத்தையோ கட்டடத்தின் வெட்டுத் தோற்றத்தையோ கரும்பலகையிலிருந்து பார்த்து எழுதும்போது, விசைப்பலகை எந்த வகையிலும் உதவாது, பேனா உதவும். அந்த ஒரு காரணமே போதும்.

வரையும் மென்பொருள்களில், ஐபேடில் பெரும்பாலோர் பயன்படுத்துவது ப்ரோகிரியேட். ஒரே முறை பணம் கட்டினால் போதும். ஆண்ட்ராய்டில் அது இல்லை. அங்கே இலவசமும் திறந்த மூலமுமான க்ரிட்டா, இன்ஃபினிட் பெயின்டர், சந்தா கட்டினால் கிளிப் ஸ்டூடியோ பெயின்ட் என்று நல்ல தேர்வுகள் உண்டு. புதிதாகத் தொடங்குபவர் முதல் நாளிலேயே சரிசெய்ய வேண்டியது கோப்பின் அளவு. திரையில் அழகாகத் தெரிகிறது என்று சிறிய பரப்பில் வரைந்துவிட்டுப் பிறகு அச்சுக்குக் கொடுத்தால் விளிம்புகள் மங்கிப் போகும். அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற கணக்கில் ஏ4 தாளுக்கு 2480 x 3508 பிக்சல் வேண்டும். பரப்பு பெரிதாகப் பெரிதாக ப்ரோகிரியேட் அனுமதிக்கும் லேயர்களின், அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து வரையும் அடுக்குகளின், எண்ணிக்கை குறையும். அந்த எண்ணிக்கை கருவியின் நினைவகத்தைப் பொறுத்தது என்பதால், சேமிப்பிடத்தைப் போலவே ரேமையும் பார்த்து வாங்க வேண்டும். கோட்டின் நடுக்கத்தைத் திருத்தும் ஸ்ட்ரீம்லைன் வசதியைத் தொடக்கத்தில் குறைவாகவே வையுங்கள் என்று மகளிடம் சொல்லுங்கள். அது கூடினால் கோடு பேனாவுக்குப் பின்னால் தயங்கித் தயங்கி வரும், கையும் முழங்கையிலிருந்து இயங்கப் பழகாமல் மணிக்கட்டிலேயே நின்றுவிடும்.

பேனா நகர்வதற்கும் கோடு தெரிவதற்கும் இடையிலான தாமதம் இப்போது பெரிய கவலையாக இல்லை. 2019இல் ஐபேட்ஓஎஸ் 13 வந்தபோது, அதை 20 மில்லிநொடியிலிருந்து 9 மில்லிநொடிக்குக் குறைத்ததாக ஆப்பிள் அறிவித்தது. சாம்சங்கின் உயர்விலை மாதிரிகளிலும் இதே அளவிலோ இன்னும் குறைவாகவோதான் சொல்கிறார்கள். நுனி அடுத்து எங்கே போகும் என்பதை மென்பொருள் ஊகித்து முன்கூட்டியே வரைவதும் இந்தக் கணக்கில் அடக்கம். தாமதத்தைவிடக் கண்ணை உறுத்துவது, நுனிக்கும் கோட்டுக்கும் நடுவில் தெரியும் இடைவெளி. கண்ணாடியும் காட்சித் திரையும் ஒன்றாக ஒட்டப்படாத சாதாரண ஐபேடில், சாய்வாகப் பார்க்கும்போது கோடு நுனிக்குச் சற்று அடியில் விழுவதாகத் தோன்றும். ஏர், ப்ரோ மாதிரிகளில் இவை ஒட்டப்பட்டிருப்பதால் அது வெகுவாகக் குறையும். இதன்மேல் தடித்த டெம்பர்டு கிளாஸ் ஒன்றையும் ஒட்டினால் நிலைமை இன்னும் மோசமாகும். கண்ணாடி வழுக்குகிறது என்று தோன்றினால் மெல்லிய மேட் ஃபிலிம் ஒட்டலாம். காகிதம் போன்ற உராய்வு கிடைக்கும், எழுத்து கட்டுப்படும். அதற்கு விலையாகத் திரையின் கூர்மை சற்றுக் குறையும், நிப்பும் வேகமாகத் தேயும். எழுதுவதற்கு ஃபிலிம் நன்று, வண்ணம் பார்த்து வேலை செய்பவருக்கு நன்றன்று என்பது என் கருத்து. சென்னை வெயிலில் வியர்த்த கை கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். சுண்டுவிரலையும் மோதிர விரலையும் மட்டும் மூடும் ஓவியர் கையுறை நூறு, இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும், அது ஃபிலிமைவிட நல்ல தீர்வு.

கட்டடக்கலைப் படிப்பு என்பதால் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். முதலாண்டில் டி-ஸ்கொயரும் செட்-ஸ்கொயரும் வைத்துத் தாளில் வரையும் பயிற்சி இருக்கும். டேப்லெட் அதற்கு மாற்றாகாது, கல்லூரியும் ஏற்காது. அடுத்த ஆண்டுகளில் ரெவிட், ரைனோ போன்ற கட்டட வடிவமைப்பு மென்பொருள்கள் தேவைப்படும்போது ஐபேடோ ஆண்ட்ராய்டு டேப்லெட்டோ அவற்றை இயக்காது. ரெவிட்டுக்கு விண்டோஸ் கணினி வேண்டும். எனவே கையிலிருக்கும் முழுப் பணத்தையும் விலையுயர்ந்த டேப்லெட்டில் போட்டுவிட்டால் இரண்டாம் ஆண்டில் மடிக்கணினிக்கு மறுபடியும் திண்டாட வேண்டிவரும். டேப்லெட்டுக்கான இடம் இவை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது: இடத்தை நேரில் பார்த்து வரையும் ஓவியங்கள், வடிவமைப்பின் முதல் எண்ணங்கள், ஒரு வரைபடத்தின் மேல் மெல்லிய தாளை விரித்து மாற்றங்களை வரைந்து பார்ப்பது. இந்தக் கடைசி வேலைக்கென்றே அளவுத் திட்டத்தோடு இயங்கும் மார்ஃபோலியோ ட்ரேஸ் ஐபேடில் இருக்கிறது. கோடுகளைப் பின்னரும் திருத்தக்கூடிய கான்செப்ட்ஸ் செயலி ஐபேட், ஆண்ட்ராய்டு இரண்டிலும் கிடைக்கிறது.

மடிக்கணினி ஏற்கெனவே வீட்டில் இருந்தால், திரையில்லாத வரைபலகை ஒன்றை மூவாயிரம், நாலாயிரம் ரூபாயில் வாங்குவதையும் எண்ணிப் பாருங்கள். வேகாம், ஹூயான், எக்ஸ்பி-பென் ஆகியவை விற்கும் இவற்றின் பேனாக்கள் பேட்டரியில்லாதவை, அழுத்த உணர்வு முழுமையாக உண்டு. கை மேசையிலும் கண் திரையிலும் இருப்பதற்குச் சில வாரங்கள் பழக வேண்டும்; பழகியபின் கழுத்து வலி இல்லாமல் நெடுநேரம் வரையலாம். வகுப்பில் குறிப்பெடுக்க மட்டும் அது தோதுப்படாது.

பராமரிப்பில் இரண்டு செய்திகள். பேட்டரி உள்ள பேனாக்களை மாதக்கணக்கில் சார்ஜ் இல்லாமல் கிடத்தினால் பேட்டரி இறந்துவிடலாம். விடுமுறையிலும் அவ்வப்போது சார்ஜ் ஏற்ற வேண்டும். எஸ் பென் போன்ற காந்தப்புலப் பேனாவுக்கு எதிரி, கவரில் இருக்கும் காந்தம்: கவரை மடித்துப் பின்பக்கம் வைத்து எழுதும்போது திரையின் ஒரே இடத்தில் கோடு வளைந்தாலோ விடுபட்டாலோ, பழுது பார்க்கக் கொடுக்கும் முன் கவரைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் எழுதிப் பாருங்கள்.

உங்கள் நிலையில் நான் வாங்குவதாக இருந்தால், பேனாவும் பெட்டிக்குள்ளேயே வரும் சாம்சங் எஸ்6 லைட் அல்லது எஃப்இ வரிசையில் ஒன்றை வாங்கி, மிச்சப் பணத்தை மடிக்கணினிக்கு ஒதுக்கி வைப்பேன். மகள் ப்ரோகிரியேட்டோ ட்ரேஸோ வேண்டும் என்று உறுதியாக இருந்தால், புதிய சாதாரண ஐபேடைவிட, இரண்டாம் தலைமுறைப் பென்சிலை ஏற்கும் பழைய ஏர் ஒன்றைப் புதுப்பிக்கப்பட்ட நிலையில் தேடுவேன். ஒட்டப்பட்ட திரையும் அழுத்த உணர்வும் அதில் சேர்ந்தே கிடைக்கும். எதை வாங்கினாலும், திருப்பிக் கொடுக்கும் அவகாசம் முடிவதற்குள் அளவுகோல் சோதனையையும் புள்ளிச் சோதனையையும் திரையின் நான்கு ஓரங்களிலும் செய்து முடித்துவிடுங்கள். நடுவில் ஒழுங்காக எழுதும் பேனாக்கள் ஓரத்தில்தான் பெரும்பாலும் தடுமாறும்.